எதிலிருந்து விழுந்தார்? மருத்துவப் பதிவேட்டில் மிதிவண்டியின் வரலாறு

ஒருவர் வலக்கையை இடக்கையால் தாங்கியபடி மருத்துவமனைக்குள் வருகிறார். மணிக்கட்டு வீங்கிக் கோணலாகத் தோன்றுகிறது. மருத்துவர் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்து, ஆரை எலும்பின் கீழ்முனை முறிந்துள்ளது என்று எழுதுகிறார். மாவுக்கட்டுப் போடப்படுகிறது, நோயாளி வீடு திரும்புகிறார். அவரைப் பற்றிய தாள் மட்டும் மருத்துவமனையின் பதிவறைக்குச் செல்கிறது. அங்கே பணிபுரியும் ஒருவர் அத்தாளைப் படித்து, ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்த குறியீட்டை அதன்மேல் இடுகிறார். அக்குறியீடு பிற்பாடு மருத்துவமனையின் கணக்கிலும், நாட்டின் கணக்கிலும், சில வேளைகளில் உலகத்தின் கணக்கிலும் ஒன்றாகக் கூடுகிறது.

‘எலும்பு முறிந்தது’ என்னும் தொடரில் எழுவாயும் உண்டு, பயனிலையும் உண்டு. இலக்கண நோக்கில் அது முற்றுப்பெற்ற தொடரே. மருத்துவம் செய்வதற்கும் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் அந்த மனிதர் மிதிவண்டியிலிருந்து விழுந்தவர். ‘மிதிவண்டியிலிருந்து விழுந்தார்’ என்று எழுதும்போது ஐந்தாம் வேற்றுமை வந்து நிற்கிறது. நன்னூலார் அவ்வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் நீங்கலும் ஏதுவும் அடங்கும். விழுந்தவர் கதையில் இவ்விரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அவர் நீங்கியதும் மிதிவண்டியிலிருந்துதான், காயத்துக்கு ஏதுவானதும் மிதிவண்டிதான். இந்த ஐந்தாம் வேற்றுமையை மருத்துவப் பதிவேட்டுக்குள் கொண்டுவருவதற்கு ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவ உலகம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பாடுபட்டது. இன்னும் அது முழுதும் நிறைவேறிவிடவில்லை.

தொடக்கம் இலண்டன் மாநகரில். பதினேழாம் நூற்றாண்டில் அந்நகரத்து இறப்புகள் வாரந்தோறும் அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. கொள்ளைநோய் எப்பகுதியில் பரவுகிறது என்பதை அறியவே மக்கள் அவற்றை வாங்கினர். இறந்தவர் உடலைப் பார்த்துக் காரணம் கூறும் பொறுப்பு மருத்துவர்க்கு அளிக்கப்படவில்லை. கோயில் வட்டாரங்கள் அமர்த்திய முதிய பெண்களே அப்பணியைச் செய்தனர். அவர்கள் தந்த பட்டியலில் ‘பல்’, ‘துயரம்’, ‘முதுமை’, ‘திடீரென’ என்பனவெல்லாம் சாவுக்குக் காரணங்களாக இடம்பெற்றன. ‘பல்வேறு விபத்துகளால் மாண்டோர்’ என்றும் ஒரு வரி இருந்தது. நூல், நாடா முதலிய சிறுபொருள் விற்கும் வணிகரான ஜான் கிரான்ட் என்பவர் இப்பட்டியல்களைத் தொகுத்து ஆராய்ந்து 1662ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். மக்கள்தொகை இயலின் முதல் நூல் என்று அதனைக் குறிப்பிடுவர். கிரான்ட் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர் அல்லர். ஒரு கோப்பை மதுவும் சிறு கையூட்டும் கிடைத்தால், அப்பெண்கள் மானக்கேடான நோயை எலும்புருக்கி நோய் என்று மாற்றிச் சொல்லிவிடுவர் என்று அவரே எழுதிவைத்தார். எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும், முதலில் எழுதியவர் எதை எழுதினார் என்பதிலேயே அதன் மதிப்பு அடங்கியிருக்கிறது என்பதை அவ்வணிகர் அன்றே கண்டுகொண்டார்.

அடுத்த நூற்றாண்டில் நோய்களைச் செடிகொடிகளைப் போல் குலம், இனம் என்று பிரித்து அடுக்கும் ஆர்வம் அறிஞர்களிடையே மிகுந்தது. பிரான்சில் சொவாஜ், சுவீடனில் லின்னேயசு, ஸ்காட்லாந்தில் கல்லன் ஆகியோர் பெரும் பட்டியல்களை வகுத்தனர். அவை நோய்களுக்கு உரியவை; வீழ்ச்சிக்கு அவற்றில் சிறப்பிடம் இல்லை.

இதற்கிடையே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1814ஆம் ஆண்டில் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிசு, ஆரை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறியும் வகையைத் தெளிவாக வருணித்து ஒரு கட்டுரை எழுதினார். விழும்போது கையை நீட்டி ஊன்றுவதால் நேரும் முறிவு அது. ராண்ட்கன் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, கையைத் தடவிப் பார்த்தும் அதன் கோணலைக் கண்ணால் அளந்தும் காலிசு அதனை எழுதினார். இன்றும் அம்முறிவு அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் எழுதி மூன்று ஆண்டுகள் கழித்து, 1817இல், செருமனியின் மான்கைம் நகரில் கார்ல் வான் டிரைசு இரண்டு சக்கரங்களை முன்னும் பின்னுமாகப் பொருத்திய மரவண்டி ஒன்றைச் செலுத்திக் காட்டினார். அதற்கு மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தி உந்தித்தான் செல்ல வேண்டும். மிதிவண்டியின் மூதாதை அதுவே. ஆக, மிதிவண்டியில் செல்வோர்க்கு மிகப் பழக்கமான காயங்களுள் ஒன்று வண்டி பிறக்குமுன்னரே பெயர் பெற்றுவிட்டது.

வண்டி மாற மாற விழும் முறையும் மாறியது. 1860களில் பாரிசு நகரில் மிஷோ குடும்பத்தார் முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்தினர். இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கரங்கள் கற்பாவிய தெருக்களில் உருண்டபோது உடல் படும் பாட்டைக் கண்ட ஆங்கிலேயர், அவ்வண்டிக்கு ‘எலும்புகுலுக்கி’ என்ற பொருளில் ஒரு நையாண்டிப் பெயரைச் சூட்டினர். 1870களில் முன்சக்கரம் ஆளுயரத்துக்கு வளர்ந்தது, பின்சக்கரமோ சிறுத்துப்போனது. ஏறியவர் பெரிய சக்கரத்தின் உச்சிக்கு நேராக அமர்ந்தார். வழியில் ஒரு கல் தடுத்து முன்சக்கரம் நின்றால், வண்டி முன்னோக்கிக் கவிழும்; கால்கள் கைப்பிடியில் சிக்கிக்கொள்ள, தலையே முதலில் தரையில் மோதும். 1885இல் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வண்டியை உருவாக்கினார். இவ்வகை வண்டிகளுக்கு வணிகர் வழங்கிய பெயர் ‘பாதுகாப்பு மிதிவண்டி’. முன்னைய வண்டியிலிருந்து எத்தனை பேர் விழுந்திருப்பர் என்பதற்கு அப்பெயரே சான்றாகும். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரைக் கொண்டுவந்தார். அதன்பின் ஆணும் பெண்ணும், தொழிலாளியும் தபால்காரரும் மிதிவண்டியில் ஏறினர். விழுவோர் தொகையும் அதற்கேற்பப் பெருகியிருக்கும். ஆனால் அதனை எண்ணிப் பார்ப்பதற்கு ஏடு இருந்ததா என்பதே கேள்வி.

இங்கிலாந்தில் 1837இல் பிறப்பு, இறப்புப் பதிவு அரசுப் பணியாகத் தொடங்கியது. அவ்வலுவலகத்தில் புள்ளிவிவரப் பொறுப்பேற்ற மருத்துவர் வில்லியம் ஃபார், எளிய குடும்பத்தில் பிறந்து உழைப்பால் உயர்ந்தவர். இயற்பியலார்க்கு எடையும் அளவும் எப்படியோ, அப்படியே இறப்புக் கணக்குக்கு நோய்ப்பெயர்கள் என்று தம் முதல் அறிக்கையிலேயே அவர் வற்புறுத்தினார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்கினால் கணக்கு எங்ஙனம் கூடும்? 1853இல் பிரசல்சில் கூடிய முதலாவது அனைத்துலகப் புள்ளியியல் மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான பட்டியலொன்றை வகுக்கும்படி ஃபாரையும் ஜெனீவா நகர மருத்துவர் மார்க் தெஸ்பீனையும் கேட்டுக்கொண்டது. 1855இல் பாரிசில் இருவரும் வெவ்வேறு பட்டியல்களைக் கொண்டுவந்து வைத்தனர். மாநாடு இரண்டையும் இணைத்து 139 தலைப்புகள் கொண்ட ஒரு பட்டியலை ஏற்றது. சமரசத்தில் பிறந்த பட்டியல் எவருக்கும் மனநிறைவு அளிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. நாளடைவில் ஃபாரின் முறையே வென்றது. தொற்றுநோய், உடல் முழுதும் பரவும் நோய், உறுப்புவாரியான நோய், வளர்ச்சியைச் சார்ந்த நோய், வன்மையால் நேர்வது என அவர் ஐந்து பிரிவுகள் வகுத்தார். ஐந்தாம் பிரிவே நம் கட்டுரைக்கு உரியது. உடலுக்குள் தோன்றாமல் வெளியிலிருந்து வந்து தாக்குவதற்குத் தனியிடம் வேண்டும் என்பதை ஃபார் உறுதிப்படுத்தினார்.

ஃபாரின் நண்பரான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரியான படிவங்களில் நோயாளிகளைப் பதிய வேண்டும் என்று திட்டம் தீட்டினார். 1860இல் இலண்டனில் கூடிய புள்ளியியல் மாநாட்டில் அது முன்வைக்கப்பட்டது. விளக்கேந்திய அம்மையாரைப் பள்ளிப் புத்தகங்கள் நன்கு அறிமுகப்படுத்துகின்றன. படிவமேந்திய அம்மையாரை அவை அவ்வளவாகக் காட்டுவதில்லை.

பின்னர் வந்தவர் ஜாக் பெர்த்தியோன். பாரிசு நகராட்சியின் புள்ளியியல் பிரிவுக்குத் தலைவர். குற்றவாளிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் முறையை வகுத்த அல்போன்சு பெர்த்தியோன் இவருடைய உடன்பிறந்தார். அண்ணன் சாவுகளை வகைப்படுத்தினார், தம்பி திருடர்களை வகைப்படுத்தினார் என்று சொல்லலாம். ஜாக் பெர்த்தியோன் தலைமையிலான குழு வகுத்த இறப்புக் காரணப் பட்டியலை 1893இல் சிக்காகோவில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் கழகம் ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய அனைத்துலக நோய் வகைப்பாட்டின் வேர். 1900இல் பாரிசில் முதல் திருத்தம் நடைபெற்றது. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவது வழக்கமாயிற்று.

1909ஆம் ஆண்டின் இரண்டாம் திருத்தத்தைப் புரட்டினால் அக்காலத்தின் மனநிலை புலப்படும். 172ஆம் எண் வீழ்ச்சியால் வந்த காயத்துக்கு உரியது. 175ஆம் எண் வண்டி, இருப்புப்பாதை முதலியவற்றால் நசுங்கியதற்கு உரியது. மிதிவண்டிக்கு எனத் தனித்தலைப்பு இல்லை. எனினும் 185ஆம் எண்ணே எல்லாவற்றினும் சுவையானது: ‘எலும்பு முறிவு, காரணம் குறிக்கப்படவில்லை.’ தாளில் முறிவு மட்டும் எழுதி, எப்படி முறிந்தது என்பதை எழுதாமல் விடும் மருத்துவர்கள் அன்றே எவ்வளவு பேர் இருந்திருந்தால், அவர்களுக்காக ஓர் எண்ணையே ஒதுக்க வேண்டியிருந்திருக்கும்! வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று மட்டும் குறிக்கப்பட்ட நாளுக்கும், காரணத்தோடு குறிக்கப்பட்ட நாளுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் நன்கறிவர்.

பெருமாற்றம் 1948இல் வந்தது. அவ்வாண்டில் தோன்றிய உலகச் சுகாதார நிறுவனம் இப்பட்டியலின் பொறுப்பை ஏற்றுக்கொண்டு ஆறாம் திருத்தத்தை வெளியிட்டது. அதுவரை சாவுக்காக மட்டும் இருந்த பட்டியல், அன்று முதல் உயிரோடு இருப்பவர்களின் நோய்களையும் காயங்களையும் உள்ளடக்கியது. மிதிவண்டியிலிருந்து விழுவோரில் மிகப் பலர் சாவதில்லை; கையைக் கட்டிக்கொண்டும் முட்டியில் மருந்து பூசிக்கொண்டும் வீடு திரும்புகின்றனர். சாவுப் பட்டியல் மட்டும் இருந்த காலமெல்லாம் அவர்கள் எந்தக் கணக்கிலும் சேராதவர்கள். அத்துடன், காயத்துக்கு இரண்டு ஏடுகள் திறக்கப்பட்டன. 800 முதல் 999 வரையுள்ள எண்கள் இருமுறை பயன்பட்டன: ‘என்’ என்னும் எழுத்தோடு வந்தால் காயத்தின் தன்மை, ‘இ’ என்னும் எழுத்தோடு வந்தால் வெளிக்காரணம். என்ன முறிந்தது என்பது ஓர் ஏட்டில், எப்படி முறிந்தது என்பது மற்றோர் ஏட்டில். இறப்புச் சான்றிதழுக்கும் ஒரு விதி வகுக்கப்பட்டது. நோயால் இறந்தவர்க்கு, சாவில் முடிந்த நிகழ்ச்சித் தொடரைத் தொடங்கிவைத்த நோயே அடிப்படைக் காரணம். விபத்தால் இறந்தவர்க்கோ, அந்தக் காயத்தை விளைத்த சூழ்நிலையே அடிப்படைக் காரணம். மண்டை உடைந்து ஒருவர் இறந்தால், நாட்டின் கணக்கில் முதலிடம் பெறுவது உடைந்த மண்டை அன்று. அதை உடைத்த வீழ்ச்சி. ஐந்தாம் வேற்றுமை அன்றுதான் அரியணை ஏறியது எனலாம்.

சூழ்நிலையை எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்க்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், அரேபியப் பாலைவனப் போரில் பெயர்பெற்ற டி. இ. லாரன்சு மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்தார். சாலையில் மிதிவண்டிகளில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கியெறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாட்களில் உயிர் பிரிந்தது. அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை வல்லுநர் ஹியூ கெயின்ஸும் ஒருவர். போர் மூண்டபின், மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் படைவீரர் பலர் தலைக்காயத்தால் இறப்பதை அவர் கண்டார். காயத்தை மட்டும் பார்த்து நிறுத்தாமல், விழுந்தவர் தலைக்கவசம் அணிந்திருந்தாரா என்பதையும் சேர்த்துப் பதிந்து 1941இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் தரைப்படை தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மண்டை ஓட்டு முறிவை எத்தனை நுட்பமாக வருணித்தாலும் இந்த முடிவுக்கு வழி பிறந்திருக்காது. தலையில் என்ன இருந்தது என்ற ஒரு சொல்லே வழி காட்டியது.

1975இல் கூடிய ஒன்பதாம் திருத்த மாநாடு மிதிவண்டிக்குத் தனியெண் வைத்திருந்தது: ‘இ 826’. வண்டியிலிருந்து விழுதல், மற்றொரு மிதிவண்டியோடு மோதுதல், விலங்கோடு மோதுதல், வண்டியின் உறுப்பு உடைதல், சக்கரத்தில் சிக்குதல் ஆகிய யாவும் அந்த ஒரே எண்ணில் அடைக்கப்பட்டன. சக்கரத்தில் சிக்குதல் என்பதை எளிதாகக் கடந்துவிடலாகாது. பின்னால் கேரியரில் அமர்ந்து செல்லும் குழந்தையின் கால் சுழலும் கம்பிகளுக்கிடையே புகுந்து, குதிகாலின் தோலும் தசையும் கிழிபடும் காயத்தைத் தோட்டப்புறத் தாய்மார் எவரும் அறிவர். சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு தகட்டையோ வலையையோ பொருத்தினால் தவிர்க்கக்கூடிய காயம் அது. ஆனால் ‘இ 826’ என்று மட்டும் எழுதப்பட்ட ஏட்டிலிருந்து, கம்பியில் சிக்கிய குதிகால் எத்தனை, மாட்டின்மேல் மோதியவர் எத்தனை பேர் என்று பிரித்தெடுக்க இயலாது.

அதனினும் பெரிய குறை வேறு. மிதிவண்டியில் சென்றவரைக் கார் மோதினால், அவர் ‘இ 826’இல் இல்லை, மோட்டார் வண்டி விபத்துகளின் கூட்டத்தில், நான்காம் இலக்கமாகிய 6 என்னும் அடையாளத்தோடு ஒளிந்திருந்தார். நாட்டில் மிதிவண்டியோட்டிகளுக்கு என்ன நேர்கிறது என்று அறிய விரும்புபவர் பல இடங்களில் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. மேலும், ஒன்பதாம் திருத்தத்தில் வெளிக்காரண ஏடு துணைப்பட்டியல் நிலைக்கு இறக்கப்பட்டது. துணை என்றதும், இட்டாலும் சரி, விட்டாலும் சரி என்ற எண்ணம் பதிவறைகளில் தோன்றுவது இயல்பே.

உலகச் சுகாதார மன்றம் 1990ஆம் ஆண்டு மே மாதம் ஏற்ற பத்தாம் திருத்தம் இதனைச் சீர்செய்தது. வெளிக்காரணம் துணை என்ற நிலை நீங்கி, இருபதாம் அதிகாரமாக நூலின் உடலிலேயே இடம்பெற்றது. சாலை விபத்துகளைப் பிரிக்கும் கோட்பாடும் தலைகீழாக மாறியது. எந்த வண்டி மோதியது என்று தொடங்காமல், அடிபட்டவர் எதில் சென்றார் என்று தொடங்கியது. நடந்து சென்றவர் ஒரு குடும்பம்; மிதிவண்டியில் சென்றவர் மறு குடும்பம். ‘வி 10’ முதல் ‘வி 19’ வரை மிதிவண்டியோட்டிகளுக்கே உரிய எண்கள். நடப்பவரோடு அல்லது விலங்கோடு மோதினால் 10, மற்றொரு மிதிவண்டியோடு மோதினால் 11, மோட்டார் சைக்கிளோடு 12, காரோடு 13, லாரியோடும் பேருந்தோடும் 14, இரயிலோடு 15. மோட்டார் இல்லாத பிற வண்டிக்கு 16, மரம், சுவர் போன்ற அசையாப் பொருளுக்கு 17. எதன்மீதும் மோதாமல் தானே சாய்ந்து விழுந்தவர் ‘வி 18’. விவரம் தெரியாதவர் 19.

புள்ளிக்குப் பின் வரும் நான்காம் இலக்கம் இன்னும் நுட்பமானது. ஓட்டியவரா, உடன் அமர்ந்து சென்றவரா, ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தவரா என்று அது கேட்கிறது. பொதுச்சாலையா, அன்றா என்றும் கேட்கிறது. பால்வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள்ளிருக்கும் செம்மண் பாதையில் செல்லும் தொழிலாளி ஒருவர் சறுக்கி விழுகிறார் என்று கொள்வோம். பாதை பொதுச்சாலை அன்று, ஓட்டியவர் அவரே, எதன்மீதும் மோதவில்லை. ஆதலால் ‘வி 18.0’. அதே தொழிலாளி பெரிய சாலையில் விழுந்தால் ‘வி 18.4’. வருவாய்க்கான வேலையில் இருந்தபோது விழுந்தார் என்பதைக் காட்ட மற்றோர் இலக்கத்தைச் சேர்க்கவும் நூல் இடம் தருகிறது. காயத்தின் தன்மை பத்தொன்பதாம் அதிகாரத்தில் தனியே குறிக்கப்படும்: ஆரை எலும்பின் கீழ்முனை முறிவு ‘எஸ் 52.5’, காறை எலும்பு முறிவு ‘எஸ் 42.0’; மண்ணீரல் காயம் ‘எஸ் 36.0’. இரண்டு குறியீடுகளும் அருகருகே நிற்கும்போதுதான் ஒரு விபத்து முழுமையாகச் சொல்லப்படுகிறது.

இத்தனை இருந்தும், குறியீட்டாளர் தாளில் இல்லாததை இட முடியாது. ‘விழுந்தார்’ என்று மட்டும் மருத்துவர் எழுதியிருந்தால், மிதிவண்டியின் பத்து எண்களும் பயன்படா. ‘டபிள்யூ 19’, அதாவது விவரம் குறிக்கப்படாத வீழ்ச்சி, என்பதே பொருந்தும். ‘எலும்பு முறிவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் ‘எக்ஸ் 59.0’, அதாவது முறிவை விளைத்த காரணம் குறிக்கப்படவில்லை. 1909ஆம் ஆண்டின் 185ஆம் எண் வேறோர் உடையணிந்து இன்றும் வாழ்கிறது.

இவ்வாறு ஒரு சொல் விடுபடுவதால் விளையும் தீங்கு சில வேளைகளில் மிகப் பெரிதாகிவிடுகிறது. முதியவர் ஒருவர் மிதிவண்டியிலிருந்து விழுந்து தலையில் இலேசான அடி படுகிறார். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மூளையின் உறைக்கு அடியில் குருதி மெல்ல மெல்லக் கசிகிறது. சில வாரங்கள் கழித்துத் தலைவலி, உறக்கமயக்கம், தடுமாற்றம், பின்னர் மரணம். விழுந்ததைப் பற்றி எவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. சான்றிதழில் ‘மூளை உறையடிக் குருதிக்கசிவு’ என்று மட்டும் எழுதப்படுகிறது. அடியால் வந்தது என்ற குறிப்பு இல்லாதபோது, பத்தாம் திருத்தத்தின் அகரவரிசை அதனை ‘ஐ 62.0’ என்னும் எண்ணுக்கு அனுப்புகிறது. அது குருதிச் சுற்றோட்ட நோய்களின் அதிகாரம். வீழ்ச்சியால் இறந்த மனிதர் கணக்கில் குருதிக்குழாய் நோயால் இறந்தவராகிவிடுகிறார். ‘மிதிவண்டியிலிருந்து விழுந்ததால்’ என்ற சொற்கள் சான்றிதழின் கீழ்வரியில் இருந்திருந்தால், அவர் ‘எஸ் 06.5’ என்ற காயத்தோடும் ‘வி 18’ என்ற காரணத்தோடும் தம் உரிய இடத்தில் நின்றிருப்பார்.

கணக்குக்கு மட்டுமன்றி உயிர்காப்பதற்கும் இச்சொற்கள் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. சிறுவன் ஒருவன் மெதுவாகச் செல்லும் மிதிவண்டியோடு சாய்கிறான். கைப்பிடி திரும்பி, அதன் முனை வயிற்றில் குத்துகிறது. வெளியே தெரிவது வட்டமான ஒரு சிறு கன்றல் மட்டுமே. சிறுவன் பேசுகிறான், நடக்கிறான். உள்ளேயோ மண்ணீரல், கல்லீரல், கணையம் இவற்றுள் ஒன்று காயப்பட்டிருக்கலாம். அதன் அறிகுறி பல மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். ‘சைக்கிளிலிருந்து விழுந்தான், கைப்பிடி வயிற்றில் குத்தியது’ என்று முதலில் பார்த்த தாதி எழுதிவைத்தால், இரவில் பணிக்கு வரும் மருத்துவர் அதைப் படித்து விழிப்படைவார். ‘வயிற்றுவலி’ என்று மட்டும் எழுதிவைத்தால், அச்சிறுவன் வயிற்றுவலிக்காரர் வரிசையில் காத்திருக்க நேரும். சிறுவர்கள் பெரும்பாலும் கீழே விழுந்ததைச் சொல்வார்கள். எதில் குத்துப்பட்டது என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

தலைக்காயத்தில் மயக்கத்தின் அளவை எழுதும் முறைக்கு 1974இல் ஒரு நல்வழி பிறந்தது. கிளாஸ்கோ நகரில் கிரகாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் கண் திறத்தல், பேச்சு, உறுப்பசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் வழங்கும் அளவுகோலை வெளியிட்டனர். குறைந்தது 3, மிகுந்தது 15. ‘அரைமயக்கம்’ என்று ஒருவர் எழுத, ‘தெளிவில்லை’ என்று மற்றொருவர் எழுதும் குழப்பம் அதனால் குறைந்தது.

மிதிவண்டித் தலைக்கவசத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு 1989இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து வந்தது. ராபர்ட் தாம்சன், ஃபிரெடெரிக் ரிவாரா, டயான் தாம்சன் ஆகியோர், விழுந்து தலையில் காயமடைந்த 235 மிதிவண்டியோட்டிகளைப் பிற மிதிவண்டியோட்டிகளோடு ஒப்பிட்டனர். தலைக்காயம் பட்டோரில் கவசம் அணிந்திருந்தவர் நூற்றுக்கு 7 பேர். தலையில் படாமல் வேறிடங்களில் அடிபட்டு அதே மருத்துவமனைகளுக்கு வந்தோரில் நூற்றுக்கு 24 பேர். கவசம் தலைக்காய வாய்ப்பை 85 விழுக்காடு குறைக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வுகள் பயனின் அளவு அதனினும் குறைவு என்று காட்டின. பயன் உண்டு என்பதை அவையும் ஏற்றன. ஆய்வு வெளிவந்த மறு ஆண்டு, 1990 சூலை முதல் நாளன்று, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் மிதிவண்டியோட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. சியாட்டில் ஆய்வாளர்கள் குறியீட்டு எண்களை மட்டும் வைத்து இம்முடிவுக்கு வரவில்லை. ‘இ 826’ என்ற எண்ணுக்குள் தலைக்கவசம் இல்லை. காயமடைந்தோரை அவர்கள் தேடிச்சென்று வினவ வேண்டியிருந்தது.

ஒரே நோக்கத்துக்காகப் பிறந்த பட்டியல் பின்னர் வேறு பல நோக்கங்களுக்கும் பணிசெய்ய நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைக்குப் பணம் வழங்குவது காயத்தின் குறியீட்டைக் கொண்டே. அந்நாடு 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று பத்தாம் திருத்தத்தின் விரிவாக்கப்பட்ட தன் பதிப்புக்கு மாறியது. அதில் வலக்கையா இடக்கையா, முதன்முறை சிகிச்சையா பின்தொடர் சிகிச்சையா என்பனவெல்லாம் குறியீட்டுக்குள் வந்துவிட்டன. வலக்கை ஆரை எலும்பின் காலிசு முறிவுக்கு முதன்முறை வந்தவர் என்றால் ‘எஸ் 52.531 ஏ’. இவ்வளவு நுணுக்கம் காயத்துக்கு. விழுந்த காரணத்தை எழுதுவதற்கோ நாடு முழுதுக்குமான கட்டாயம் இல்லை; மாநிலமோ காப்பீட்டாரோ கேட்டால் இடலாம் என்பதே விதி. பணம் சென்ற வழியில் நுணுக்கமும் சென்றுவிட்டது.

பதினோராம் திருத்தத்தை உலகச் சுகாதார மன்றம் 2019இல் ஏற்றது. 2022 சனவரி முதல் நாளன்று அது நடைமுறைக்கு வந்தது. காயம், காரணம், கூடுதல் விவரம் ஆகியவற்றின் குறியீடுகளை ஒரே கோவையாகத் தொடுத்து எழுதும் முறையை அது வகுத்திருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக விகுதி ஏற்றும் தமிழ் வினைமுற்றைப் படித்தவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

இதற்குள் வண்டியும் மீண்டும் மாறிவிட்டது. மின்கலம் பொருத்திய மிதிவண்டிகள் சாலைகளில் பெருகின. காலால் மட்டும் இயங்குவதே மிதிவண்டி என்பது பத்தாம் திருத்தத்தின் இலக்கணம். ஆதலால் அமெரிக்கப் பதிப்பு 2022 அக்டோபரில் மின்மிதிவண்டிக்கு எண் ஒதுக்கியபோது, அதனை ‘வி 10’ முதலான மிதிவண்டிக் குடும்பத்தில் சேர்க்காமல், ‘வி 20’ முதலான மோட்டார் சைக்கிள் குடும்பத்தில் சேர்த்தது. விழுந்தவர் சொல்வதோ ‘சைக்கிளிலிருந்து விழுந்தேன்’ என்பதுதான். வண்டி சாலையோரத்தில் கிடக்கிறது. மருத்துவமனைக்கு வந்து சேர்பவர் ஆள் மட்டுமே. அதில் மின்கலம் இருந்ததா, இல்லையா என்பதை அவரிடமோ அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடமோ, கட்டுப் போடுவதற்கு முன்னோ பின்னோ, ஒருவர் கேட்டு எழுதியாக வேண்டும்.